அம்மாவுடன் யெல்லோஸ்டோன்: இரண்டு நாட்களில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

கேள்வி இதுதான்: ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலி உண்டு, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கையில் இருப்பது இரண்டு முழு நாட்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவை அவருக்குக் காரிலேயே சுற்றிக் காட்ட முடியுமா, அல்லது அது மலையேறுகிறவர்களுக்கான இடமா?

முடியும். நான் பார்த்த அமெரிக்கப் பூங்காக்களில், அதிகம் நடக்க முடியாத ஒருவரை அழைத்துப்போக யெல்லோஸ்டோனை விடப் பொருத்தமான இடம் இல்லை. பூங்காவின் பேர்பெற்ற காட்சிகளில் பெரும்பாலானவை சாலையை ஒட்டியே இருக்கின்றன. கார் நிறுத்துமிடத்திலிருந்து சில நூறு அடி நடந்தால் கொதிக்கும் குளம், இன்னும் சில நூறு அடியில் புகையும் பூமி. விலங்குகளைப் பார்க்கக் காரை விட்டு இறங்கவே வேண்டாம். நிபந்தனை ஒன்றுதான்: எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையை இப்போதே கைவிட்டுவிடுங்கள். இந்தப் பூங்காவில் காத்திருப்பவர்களுக்குத்தான் காட்சி கிடைக்கிறது. உட்கார்ந்து பார்க்க விரும்பும் அம்மா உங்கள் திட்டத்துக்குத் தடை அல்ல. சரியாகத் திட்டமிட்டால் அவருடைய வேகம்தான் அந்த இடத்துக்கு உரிய வேகம்.

முதலில் சாலையைப் புரிந்துகொள்ளுங்கள். பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 9,000 சதுர கிலோமீட்டர். அதற்குள் எட்டு என்ற எண்ணின் வடிவில் 142 மைல் நீளமுள்ள ‘கிராண்ட் லூப்’ சாலை ஓடுகிறது. கீழ் வளையம் 96 மைல், மேல் வளையம் 70 மைல். நடுவில் நோரிஸ், கேன்யன் என்ற இரு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட 12 மைல் இரண்டுக்கும் பொது; வெளிச்சுற்றின் கணக்கான 142 மைலில் அது சேராது. 142 மைல்தானே, மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நெடுஞ்சாலைக் கணக்குப் போடாதீர்கள். உச்ச வேக வரம்பே மணிக்கு 45 மைல்தான். வளைவுகள், மெதுவாகப் போகும் வீட்டு வண்டிகள், நடுச்சாலையில் நின்று அசைபோடும் பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) கூட்டம் என்று எல்லாம் சேர்ந்து நேரத்தை விழுங்கிவிடும். முழு எட்டையும் ஒரே நாளில் சுற்றுகிறவர்கள் உண்டு. அவர்களுடன் வரும் பெரியவர்கள் பின்னிருக்கையில் தூங்கிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் இரண்டு நாட்களையும் கீழ் வளையத்துக்கே கொடுங்கள். மேல் வளையத்தில் மம்மத் வெந்நீர் ஊற்றுகளும், அதற்குக் கிழக்கே ஓநாய்களுக்குப் பெயர்போன லாமார் பள்ளத்தாக்கும் இருக்கின்றன. 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஓநாய்களின் வழித்தோன்றல்கள் அங்கே உலவுகின்றன. விட மனம் வராதுதான். ஆனாலும் விட்டுவிடுங்கள். மம்மத்தின் அடுக்குகளை நன்றாகப் பார்க்கப் படியேற வேண்டும். ஓநாயைப் பார்க்க விடியுமுன் குளிரில் போய்த் தொலைநோக்கியுடன் நிற்க வேண்டும். இரண்டுமே முழங்கால் வலிக்காரருக்குச் சோதனை.

அடுத்தது உயரம். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் போகவிருக்கும், பொங்கியெழும் வெந்நீர் ஊற்றுக்குப் பெயர்போன ஓல்ட் ஃபெய்த்ஃபுல் பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், யெல்லோஸ்டோன் ஏரி 2,357 மீட்டர். உதகமண்டலத்தின் உயரத்தை ஒட்டியது. கடற்கரை நகரத்திலிருந்து விமானத்தில் வந்து இறங்கி, அன்றே பூங்காவுக்குள் ஓட வேண்டாம். போஸ்மன், ஐடஹோ ஃபால்ஸ் போன்ற ஊர்கள் ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கே ஓர் இரவு தங்கி, மறுநாள் நிதானமாக ஏறினால் உடம்பு பழகிக்கொள்ளும். கிளம்புமுன் அம்மாவின் மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். குறிப்பாக, நீர் பிரியச் செய்யும் மாத்திரை ஏதேனும் எடுக்கிறாரா என்று பாருங்கள். தலைவலி, குமட்டல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல் ஆகியவை தெரிந்தால் அன்றைய சுற்றலை நிறுத்திவிட்டுக் கீழே இறங்குவதுதான் சரி.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நம் அம்மாக்கள் பயணத்தில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். கேட்டால் தாகமில்லை என்பார்கள். உயரமான, வறண்ட காற்றுள்ள இடத்தில் இது ஆபத்து. பூங்காவில் முக்கியமான நிறுத்தங்கள் எல்லாவற்றிலும் கழிப்பறை இருக்கிறது, ஆனால் பல இடங்களில் குழாய் நீர் இருக்காது. ஒரு பாட்டில் தண்ணீர், டிஷ்யூ, கை சுத்தம் செய்யும் திரவம் மூன்றையும் தனிப் பையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ‘அடுத்த கழிப்பறை இத்தனை நிமிடத்தில்’ என்று நீங்களாகவே முன்கூட்டிச் சொல்லிக்கொண்டே வாருங்கள். அவர் தானாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்குவார்.

காலம் என்று கேட்டால், செப்டம்பர் முதல் பாதி. பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டம் குறையும். பனி இன்னும் சாலையை மூடியிருக்காது. ஜூலை வெயிலுக்கு இதமாக இருந்தாலும் கூட்டம் உச்சத்தில் இருக்கும், கார் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். எந்த மாதமானாலும் காலையில் ஸ்வெட்டர், காதை மூடும் குல்லாய் தேவை. கோடையிலும் இரவில் உறைநிலையை நெருங்கும் ஊர் அது.

ஒரு காருக்கு ஏழு நாள் நுழைவுக் கட்டணம் 35 டாலர். 2026 ஜனவரி முதல் விதி மாறியிருக்கிறது: அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு யெல்லோஸ்டோன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம், இல்லையென்றால் 250 டாலருக்கு வெளிநாட்டவருக்கான ஆண்டு அனுமதிச்சீட்டு. சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அம்மாவுக்கு இது பொருந்தும். கிளம்புமுன் பூங்காவின் அதிகாரபூர்வப் பக்கத்தில் அன்றைய விதியைச் சரிபார்த்துவிடுங்கள்.

தங்குவதற்குப் பூங்காவுக்குள்ளேயே அறை கிடைத்தால் நல்லது, ஆனால் பல மாதங்கள் முன்பே நிரம்பிவிடும். கிடைக்காவிட்டால் மேற்கு வாசலை ஒட்டிய வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊர் போதும். தரைத்தளத்து அறையாகக் கேட்டு வாங்குங்கள். கீழே வரும் திட்டம் அங்கிருந்து கிளம்புவதாக வைத்துச் சொல்கிறேன்.

முதல் நாள் கொதிநீருக்கு. வெஸ்ட் யெல்லோஸ்டோனிலிருந்து மேடிசன் சந்திப்பு 14 மைல், அங்கிருந்து ஓல்ட் ஃபெய்த்ஃபுல் 16 மைல். முப்பது மைல்தான், ஆனால் அதற்கே ஒரு நாள் தகும். முதல் நிறுத்தம் ‘ஃபவுண்டன் பெயிண்ட் பாட்’. அரை மைல் மரப்பலகை நடைபாதை, சிறிய ஏற்றம் உண்டு. கீசர் (அவ்வப்போது பீறிட்டுப் பொங்கும் வெந்நீர் ஊற்று), அமைதியான வெந்நீர் ஊற்று, கொதிக்கும் சேற்றுக்குழி, நீராவித் துளை என்று யெல்லோஸ்டோனின் நான்கு வகை அதிசயங்களும் இந்த ஒரே இடத்தில் இருக்கின்றன. சேறு குமிழியிட்டு ‘தொப் தொப்’ என்று வெடிப்பதைப் பார்த்து அம்மா சிரிப்பார். முழுச் சுற்றும் முடியவில்லை என்றால் சேற்றுக்குழி வரை போய்த் திரும்பினாலும் குறையில்லை.

அடுத்து, பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ‘ஃபயர்ஹோல் லேக் டிரைவ்’. மூன்று மைல் அளவிலான ஒருவழிச் சாலை. ‘ஒயிட் டோம்’ கீசர் சாலையோரத்திலேயே இருப்பதால் காருக்குள் இருந்தபடியே பார்க்கலாம். முழங்காலுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டே கீசர் பார்க்க இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியாது.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் கீசரை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பொங்குகிறது. ஒருமுறை பொங்கினால் ஒன்றரை நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம் வரை நீடிக்கும். உயரம் 32 முதல் 56 மீட்டர். அடுத்தது எப்போது என்பதைப் பத்து நிமிடம் முன்பின்னாகக் கணித்துப் பார்வையாளர் மையத்தில் அறிவிக்கிறார்கள். போனவுடன் அந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, இருபது நிமிடம் முன்னதாக இருக்கையில் அமர்ந்துவிடுங்கள். இல்லாவிட்டால், கடைசி நிமிடத்தில் ஓடி வந்து நிற்கிறவர்களின் முதுகைத்தான் அம்மா பார்ப்பார்.

காத்திருக்கும் நேரத்தில் ‘இது ஏன் பொங்குகிறது?’ என்று அவர் நிச்சயம் கேட்பார். மழையும் உருகிய பனியும் பாறை இடுக்குகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமிக்கடியில் உருகிய பாறையின் வெப்பத்தால் சூடேறுகின்றன. மேலே நிற்கும் நீரின் எடை அழுத்துவதால், ஆழத்து நீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகியும் ஆவியாக முடியாமல் அடங்கிக் கிடக்கிறது. பிரஷர் குக்கருக்குள் நடப்பதும் இதுதான். மேல்மட்டத்தில் கொஞ்சம் நீர் வழிந்து அழுத்தம் குறைந்த கணத்தில் அடியிலுள்ள நீர் சட்டென்று நீராவியாகி, மொத்தத்தையும் மேலே தள்ளுகிறது. குறுகலான கழுத்துப் பகுதி இருந்தால் கீசர், அப்படித் தடையேதும் இல்லாமல் திறந்திருந்தால் அமைதியான வெந்நீர்க் குளம். முந்தைய பொங்கல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைக் கொண்டே அடுத்ததைக் கணிக்கிறார்கள்: குறுகிய நேரமே பொங்கியிருந்தால் அடுத்தது சீக்கிரம் வரும், நீண்டு பொங்கியிருந்தால் தாமதமாகும். இதை அவரிடம் சொல்லி, கைக்கடிகாரத்தைக் கொடுத்து நேரம் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த பொங்கலுக்கும் இருந்து பார்க்கலாமா என்று அவரே கேட்டால், மற்றத் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு இருங்கள்.

மாலை நாலரைக்கு மேல் திரும்பும் வழியில் ‘மிட்வே’ வெந்நீர்ப் பகுதி. இங்குதான் ‘கிராண்ட் பிரிஸ்மாட்டிக்’ என்னும், அமெரிக்காவின் மிகப் பெரிய வெந்நீர் ஊற்று இருக்கிறது. காலைக் குளிரில் நீராவி எழுந்து நிறத்தை மறைத்துவிடும். நண்பகலில் கார் நிறுத்த இடமிருக்காது. ஆகவேதான் இந்த நேரம். நடுவில் நீலம், அதைச் சுற்றி மஞ்சள், பிறகு ஆரஞ்சு. நடுவில் நீர் மிகச் சூடு என்பதால் நிறம் தரும் நுண்ணுயிர்கள் அங்கே வாழ்வதில்லை. விளிம்பை நோக்கி நீர் ஆற ஆற, ஒவ்வொரு வெப்பத்துக்கும் உரிய நுண்ணுயிர்க் கூட்டம் தன் நிறத்துடன் படர்கிறது.

இப்படிப்பட்ட வெந்நீரில் வாழும் நுண்ணுயிர்களில் ஒன்று உங்கள் அம்மாவின் வாழ்க்கைக்குள்ளும் வந்திருக்கிறது. 1960-களில் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர் யெல்லோஸ்டோனின் இந்தப் பகுதி ஊற்றிலிருந்து ‘தெர்மஸ் அக்வாட்டிகஸ்’ என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். கொதிக்கும் சூட்டுக்கு அருகிலும் கெட்டுப்போகாத அதன் நொதிதான் பின்னாளில், மரபணுத் துணுக்கைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையை நடைமுறைக்கு ஏற்றதாக்கியது. அந்த முறைக்காகக் கேரி முல்லிஸ் 1993-இல் நோபல் பரிசு பெற்றார். கொரோனா காலத்தில் அம்மாவின் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையின் வேர் இந்த ஊற்றுகளில் இருக்கிறது. பெரியவர்களுக்கு இதைச் சொன்னால் அவர்கள் அந்த நீரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

மிட்வேயில் பாலத்தைத் தாண்டியதும் ஓர் ஏற்றம் இருக்கிறது, மெதுவாக ஏறலாம். மரப்பலகைப் பாதையின் பெரும்பகுதிக்குக் கைப்பிடி கிடையாது, காற்றும் பலமாக அடிக்கும். அம்மா நடுவிலும் நீங்கள் விளிம்பிலுமாக நடங்கள். சேலை கட்டியிருந்தால் தலைப்பைச் செருகிவிடச் சொல்லுங்கள். பாதையை விட்டு ஓரடிகூட இறங்கக் கூடாது. தரை போலத் தோன்றுவது பல இடங்களில் மெல்லிய ஓடு, அடியில் கொதிநீர். இந்தப் பூங்காவின் வெந்நீரில் விழுந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். தொப்பி பறந்தால் பறக்கட்டும்.

இரண்டாம் நாள் கிளம்ப வேண்டிய நேரம் காலை ஏழு. மேடிசன், நோரிஸ் வழியாகக் கேன்யன் வரை 40 மைல். நோரிஸ் பகுதியில் இறங்க வேண்டாம், சரிவு அதிகம். நேராக ‘ஆர்ட்டிஸ்ட் பாயிண்ட்’ காட்சிமுனைக்குப் போங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடை, தளம் போட்ட பாதை. எதிரே 94 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கீழ் அருவி, இரு பக்கமும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பள்ளத்தாக்குச் சுவர்கள். காலை வெயில் அருவியின் முகத்தில் விழும், மாலையில் போனால் அது நிழலுக்குள் போய்விடும். 1871-இல் ஃபெர்டினாண்ட் ஹேடன் தலைமையில் வந்த ஆய்வுக் குழுவில் ஓவியர் தாமஸ் மோரனும் புகைப்படக்காரர் வில்லியம் ஹென்றி ஜாக்சனும் இருந்தார்கள். அவர்களுடைய ஓவியங்களும் படங்களும் அமெரிக்க நாடாளுமன்றத்தை நம்பவைத்ததில் பெரும்பங்கு வகித்தன. 1872 மார்ச் 1 அன்று அதிபர் கிராண்ட் கையெழுத்திட, உலகின் முதல் தேசியப் பூங்கா பிறந்தது. அருவியின் தலைப்பகுதிக்கு இறங்கும் பாதையைத் தவிர்த்துவிடுங்கள். இறங்குவது எளிது, ஏறுவது முழங்காலுக்குத் தண்டனை.

அங்கிருந்து தெற்கே ஹேடன் பள்ளத்தாக்கு வழியாக ஏரிக்குப் போங்கள். ஏரிக்கரையில் மதியச் சாப்பாடு, ஒரு மணி நேரம் ஓய்வு. பலரும் அப்படியே வளையத்தைச் சுற்றி முடிக்கச் சொல்வார்கள். நான் போன வழியே திரும்பச் சொல்கிறேன். தூரத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஹேடன் பள்ளத்தாக்கு இரண்டாவது முறையும், அதுவும் விலங்குகள் வெளிவரும் மாலை நேரத்தில், கிடைக்கும். வடக்கு நோக்கித் திரும்பும்போது ஆறு வலப்பக்கம் வரும், அதாவது முன்னிருக்கையில் இருக்கும் அம்மாவின் ஜன்னல் பக்கம். இதற்காகவே போன வழியில் திரும்பலாம்.

ஓரத்தில் காரை ஒதுக்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஜன்னலை இறக்கி, ஒரு மணி நேரம் சும்மா இருங்கள். என் அப்பா வாழ்நாள் முழுவதும் மாடு வளர்த்தவர். கீசரை மரியாதைக்குப் பார்த்தார். அருவியை ‘நன்றாக இருக்கிறது’ என்றார். ஹேடன் பள்ளத்தாக்கில்தான் அவருக்கு வாய் திறந்தது. எந்தப் பசு கூட்டத்தை நடத்துகிறது, எது கன்று ஈன்றது, எது காலைத் தாங்கி நடக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். நான் அதுவரை பைசனைப் படமாகத்தான் பார்த்திருந்தேன், மந்தையாகப் பார்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பூங்காவில் எஞ்சியிருந்தவை இரண்டு டஜன் பைசன்கள்தான் என்று சொன்னபோது, மீட்டெடுத்தவர்கள் யார், எப்படித் தீனி கொடுத்தார்கள், நோயை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. உங்கள் அம்மாவுக்கு அது பறவையாக இருக்கலாம், பூவாக இருக்கலாம். எங்கே அவர் பேசத் தொடங்குகிறாரோ அங்கே நிறுத்தி, மற்றதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பைசன் அருகில் வந்தால் காருக்குள்ளேயே இருங்கள். பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் மணிக்கு 35 மைல் வேகத்தில் ஓடும். பைசன், எல்க் மான் ஆகியவற்றிலிருந்து 25 கஜமும், கரடி, ஓநாயிலிருந்து 100 கஜமும் விலகி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. இருட்டுவதற்குள் பள்ளத்தாக்கை விட்டுக் கிளம்பிவிடுங்கள். கரிய உடம்புள்ள விலங்கு இருட்டில் சாலை நடுவே நின்றால் முகப்பு விளக்கிலும் சட்டென்று தெரியாது.

பெரும்பாலான இடங்களில் செல்பேசி இணைப்பு இருக்காது. தேசியப் பூங்காக்களுக்கான அரசு செயலியில் யெல்லோஸ்டோன் பகுதியை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் வரைபடம் இணைப்பில்லாமலே வேலை செய்யும். அம்மாவின் மாத்திரைப் பட்டியலை ஆங்கிலத்தில் தாளில் எழுதி அவர் பையில் வையுங்கள். பூங்காவுக்குள் மம்மத், ஓல்ட் ஃபெய்த்ஃபுல், ஏரிப் பகுதி ஆகிய மூன்று இடங்களில் சிறு மருத்துவ நிலையம் உண்டு; பின்னிரண்டும் பருவகாலத்தில் மட்டும் இயங்கும். பெரிய சிக்கல் என்றால் வெளியே உள்ள நகரத்துக்குத்தான் கொண்டுபோவார்கள், சில நேரம் ஹெலிகாப்டரில். பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களின் திடீர் சிக்கல்கள் அடங்குமா, அவசர இடமாற்றம் அடங்குமா என்ற இரண்டு வரிகளையும் விமான டிக்கெட் எடுக்குமுன் படித்துவிடுங்கள்.

மடக்கு நாற்காலி ஒன்று காரில் இருக்கட்டும். வீட்டில் சக்கர நாற்காலி வேண்டாம் என்பவர்கூட இரண்டாம் நாள் மதியம் அதை விரும்பக்கூடும். வாடகைக்குக் கிடைத்தால் பேசாமல் டிக்கியில் போட்டு வையுங்கள், கேட்டால் எடுங்கள். ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லைச் சுற்றியுள்ள தளம் போட்ட பாதையிலும் ஆர்ட்டிஸ்ட் பாயிண்டின் கீழ்த்தளத்திலும் அதை உருட்டிக்கொண்டு போகலாம்.

மூன்றாம் நாள் காலை ஊர் திரும்புமுன் அரை நாள் மிச்சமிருந்தால் புதிய இடம் எதையும் சேர்க்காதீர்கள். முதல் இரண்டு நாட்களில் அம்மா எதை மீண்டும் பார்க்க வேண்டும் என்கிறாரோ, அங்கே போங்கள்.